முப்பத்தொரு காலித் தோட்டாக்கள்

சளக், சளக் என்று ஒரு சத்தம் என்னோடு மாடிப்படி ஏறி வந்தது. நான் கதவைத் தட்டுவதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி சாந்தி, “என்னங்க, வளையலா?” என்றாள். குரலில் பல வருஷத்து ஆசை இருந்தது. மஞ்சப்பையில் இருந்தது வளையல் இல்லை; சுட்டு முடித்த காலித் தோட்டாக்கள், இருபத்தேழு. சிவப்பு பிளாஸ்டிக் உடம்பு, பித்தளை அடி. நாட்றாம்பாளையத்தில் ராகி போடும் என் சிநேகிதன் மாதேஷ் கொடுத்தது. பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன். சாந்தி ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதெல்லாம் யாரைச் சுட்டது?”

துப்பாக்கிக் காவல் என்பது, இவன் யாரையும் சுடமாட்டான் என்று நம்பி ஒருவனை வேலைக்கு வைத்துக்கொண்டு, சுட்டுவிடுவானோ என்று தினமும் சந்தேகப்படும் தொழில். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனி வாசலில் பதினோரு வருஷமாக நைட் ஷிஃப்ட் நிற்கிறேன். ஒத்தைக்குழல் துப்பாக்கி என் சொந்தம், லைசென்ஸ் என் பேரில். அது போனால் வேலையும் போச்சு. இத்தனை வருஷத்தில் நான் சுட்டது நாலே நாலு தோட்டா, நாலும் சோதனைக்கு; அந்தக் காலிகளையும் மஞ்சப்பையில் சேர்த்து வைத்தேன். குறி பார்க்கத் தெரியாதவன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ராத்திரி முழித்துப் பகலிலும் தூங்க முடியாத என் இனத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்தில் செல்போன்தான் நமக்குப் பள்ளிக்கூடம். அதில் ஒரு வெள்ளைக்காரர் காலித் தோட்டாவில் திரும்ப வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டு, வாயை மடித்துப் புதுசாக்குவதைப் பார்த்தேன். பாஷை புரியவில்லை. ஆனால் நாமே செய்துகொண்டால் ஆசை தீரச் சுட்டுப் பழகலாம் என்று மட்டும் புரிந்தது.

தராசு

ரவையை நிறுக்கச் சின்னத் தராசு வேண்டும். கிருஷ்ணகிரியில் ஒரு பாய் கடைக்குப் போய், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி கேட்டேன். பாய் தராசை எடுத்து மேசைமேல் வைத்தார்; ஆனால் கையை எடுக்கவில்லை. “என்ன நிறுக்கப் போறீங்க?” என்றார். சும்மா வீட்டுக்கு என்றேன்.

வீட்டுக்கு யாரும் கால் கிராம் நிறுப்பதில்லை என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. பாய் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “தங்கம்னு சொல்ல உங்க சட்டை இடங்கொடுக்கல. கஞ்சான்னு சொல்ல உங்க வயசு இடங்கொடுக்கல. ஆதார் நகல் ஒண்ணு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா உங்க மூஞ்சிய நான் வரைஞ்சா காட்ட முடியும்?”

எல்லைக்கு அந்தப் பக்கம்

தோட்டாவின் அடியில் இருக்கும் கேப் ஒருமுறைதான் வெடிக்கும். புதுசு வேண்டும். ஊரில் கேட்டால் பேச்சு கிளம்பும் என்று, டூட்டி முடிந்த காலையிலேயே பஸ் ஏறி பெங்களூர் போனேன். அந்தத் துப்பாக்கிக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியும், கன்னட வாசனையோடு. லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். என் கண்ணைப் பார்த்தார். தூங்காத கண், சிவப்பு. பிறகு வாசலைப் பார்த்தார், என்னோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

“லைசென்ஸ் தமிழ்நாடு. கடை கர்நாடகா. கையில துப்பாக்கி இல்ல, கேக்கறது கேப் மட்டும். ஸ்வாமி, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க, அந்தப் பேச்சு மட்டும் இங்க எடுக்காதீங்க.”

காபி நன்றாக இருந்தது.

ஒரு கிலோ

வீட்டு ஓனர் கோவிந்தப்பா கீழ்வீட்டில் இருக்கிறார். மஞ்சப்பையின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. ஒரு மத்தியானம் எவர்சில்வர் தூக்குப் போசியோடு மேலே வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். “சானமாவுப் பக்கம் போறீங்களா? யானை சுத்துற காடாச்சே, எப்படிங்க பன்னிய மட்டும் பிரிச்சுச் சுடறீங்க?”

நான் காட்டுப் பக்கமே போனதில்லை, சத்தியம் என்றேன். சாந்தியும் சத்தியம் செய்தாள். அவர் போசியை வைத்துவிட்டு எழுந்தார். “புரியுது, புரியுது, இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா? எங்க வீட்ல ரெண்டே பேருதான், ஒரு கிலோ போதும்.”

மனு

அன்றைக்குத்தான் பயம் வந்தது. திருட்டு வேட்டைக்காரன் என்று பேர் பரவினால் லைசென்ஸ் நிற்குமா? எல்லாவற்றையும் முறைப்படி செய்வோம் என்று, வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்ள அனுமதி கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டேன். நானே எழுதிய மனு. காலித் தோட்டா சேர்த்து வைத்திருக்கிறேன் என்பதையும் நேர்மையாக எழுதியிருந்தேன்.

மூன்றாவது வாரம் விசாரணைக்கு ஏட்டையா வந்தார். காலை பதினோரு மணி, நான் பாத்ரூம் வாசலில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார்: சுட்டது நாலு. மஞ்சப்பையைத் தரையில் கொட்டி எண்ணினார்: முப்பத்தொன்று. “மிச்சம் இருபத்தேழு எங்க வெடிச்சுச்சு?” என்றார்.

மாதேஷ் பேரைச் சொன்னேன். அவர் அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாதேஷுக்குப் போலீஸ் என்றதும் என்னையே தெரியவில்லை. “யாருங்க அது? நான் எவனுக்கும் எதுவும் குடுக்கலீங்க சார்.” இருபது வருஷச் சிநேகிதம். லைசென்ஸ் புத்தகம் ஏட்டையாவின் சட்டைப் பையில் பாதி நுழைந்துவிட்டது.

அப்போதுதான் கீழே கிடந்த தோட்டாக்களின் அடி கண்ணில் பட்டது. கேப்பைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி என் துப்பாக்கியில் தேய்ந்தது. நடுவில் குத்தாது, ஓரத்தில்தான் குத்திப் பள்ளம் போடும். “ஐயா, பள்ளத்தைப் பாருங்க” என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். ஏட்டையா கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார். இருபத்தேழில் பள்ளம் நட்ட நடுவில். நாலில் ஓரத்தில். துப்பாக்கியை மடக்கித் திறந்து ஊசி ஓட்டையையும் பார்த்தார், அது ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். தோட்டாக்களை மஞ்சப்பையோடு எடுத்துக்கொண்டு, லைசென்ஸ் புத்தகத்தைச் சாந்தி கையில் கொடுத்தார். மாதேஷ் வீட்டுக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டார். படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: “திருட்டுத்தனமா செய்யறவனை எனக்குத் தெரியும்யா, பிடிச்சிருவேன். அனுமதி கேட்டு மனு எழுதறவனைத்தான் புரியல. உம்மேல ஒரு கண்ணு வெச்சிருக்கேன்.”

வீட்டில் தோட்டா செய்யக் கிளம்பி நான் செய்து முடித்தது ஆளுக்கொரு சந்தேகம் மட்டும்தான் என்று நினைத்தபடி, பக்கெட்டில் பாதி பிழிந்து கிடந்த காக்கிப் பேண்ட்டை எடுத்து மீதியையும் பிழிய ஆரம்பித்தேன்.