கண்ணில் படாத பட்டாம்பூச்சிகள்

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் மற்ற டீச்சர்கள் எல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுவார்கள். நான் அரிமளத்திலேயே இருந்துகொண்டு பட்டாம்பூச்சி பிடிப்பேன். கையால் இல்லை, கேமராவால். "இந்த வெயில்ல ஏன் டீச்சர் காட்டுல மேட்டுல அலையுறீங்க, வேற வேலை இல்லையா?" என்று பால்காரர் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை கேட்காத ஆள் கிடையாது. இல்லைதான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். இரண்டு வயிற்றுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கேமரா மகள் வாங்கித் தந்தது. படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை, பூச்சியைக் கண்டுபிடிப்பது என் வீட்டுக்காரர் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் புகழ்கிறார்கள். எனக்குப் பட்டாம்பூச்சி தானாகக் கண்ணில் படவே படாது. மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் காய்ந்த இலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

அவர் தாலுகா சர்வேயர். நிலம் அளக்கப் போகிற இடத்தில் எல்லைக்கல் புதருக்குள் கிடந்தாலும் மண்ணுக்குள் புதைந்து நுனி மட்டும் தெரிந்தாலும், வரப்பில் நின்றபடியே "அந்தா கிடக்கு" என்று காட்டிவிடுவார். ஊரில் அந்தக் கண்ணுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். அந்தக் கண்ணை வைத்துத்தான் எனக்குப் பட்டாம்பூச்சி பார்த்துத் தந்தார்.

பட்டாம்பூச்சிக்கு வெயில் வேண்டும். எங்களுக்கு வெயில் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் காலையில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதற்குள் தைலமரக் காட்டு ஓரமாக நடந்து கண்மாய்க் கரை வரை போய்த் திரும்புவோம். பிறகு அவர் குளித்துவிட்டு ஆபீஸ் போவார். நடக்கும்போது பேச்சு அதிகம் இருக்காது. திடீரென்று நிற்பார். குரலைத் தாழ்த்தி, "வடகிழக்கே, முழங்கால் உயரம், காரைச்செடி" என்பார். எனக்குத் திசை என்றால் சூரியன் உதிப்பது கிழக்கு, அதோடு சரி. "சோத்துக்கைப் பக்கமா பீச்சாங்கைப் பக்கமா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று பல்லைக் கடிப்பேன். "மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக் குடுக்குற டீச்சரு நீதானா?" என்று சிரிப்பார். நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் பூச்சி பறந்துவிடும்.

அப்படியும் நிறையப் பார்த்தோம். எருக்கஞ்செடியைச் சுற்றுகிற வெந்தய வரியன். வண்டித்தடத்தில் சிறகை விரித்து வெயில் காய்கிற மஞ்சள் வசீகரன். சிவந்த உடம்போடு தாழப் பறக்கிற ரோஜா அழகி. பெயர்களை நான்தான் தேடிப் படித்துச் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார், மறுநாள் மறந்துவிடுவார்.

போன வருஷக் கோடையில் அது மாறியது. விடுமுறை தொடங்குவதற்கு முன்பே எங்களுக்குள் ஒரு சண்டை. அவர் ரிட்டையர் ஆனதும் கோயம்புத்தூருக்குப் போய் மகளோடு இருந்துவிடலாம் என்றேன். "நீ போ, நான் வரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. வேலைநிறுத்தம் செய்கிற ஆள். ஒருமுறை என் தம்பி கல்யாணத்தில் அவர் வீட்டாரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு மாதம் மோர் குடிக்காமல் இருந்தவர். மோர் என்ன பாவம் பண்ணியது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதனால் அந்தக் கோடையில் அவர் பூச்சியைக் காட்டித் தராதபோது, இதுவும் வேலைநிறுத்தம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கூடவே வருவார். உயரமான செடியில் ஏதாவது உட்கார்ந்தால் சொல்வார். தரையில் இருப்பதைச் சொல்வதே இல்லை. ஒருநாள் எங்கள் காலடியிலேயே ஒரு மஞ்சள் வசீகரன். அதிசயமாக நானே பார்த்தேன் என்றால் எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கும் பாருங்கள். அவர் அதைத் தாண்டி நேராக நடந்து போனார். இருக்கட்டும், எத்தனை நாளைக்கு இந்த வீம்பு என்று பார்ப்போம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அன்று சட்னியில் காரத்தை அள்ளிப் போட்டேன்.

அப்புறம் ஒரு ராத்திரி இடி மின்னலோடு கோடை மழை கொட்டியது. மழை பெய்த மறுநாள் வெயில் அடித்தால் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக வந்து உட்காரும். மண்ணில் உள்ள உப்பை உறிஞ்சத்தான் அப்படி வரும் என்று படித்திருக்கிறேன். அந்தக் காட்சியைப் படம் எடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆசை எனக்கு. கண்மாயில் தண்ணீர் வற்றிக் கிடந்தது, மடைக்குப் பக்கத்தில் மட்டும் சேறு. அந்தச் சேற்றில் கொன்றை வெள்ளையன்கள் சிறகை ஒடுக்கிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. இடையிடையே கறுப்பும் மஞ்சளுமாக எலுமிச்சை அழகிகள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைச் சரிசெய்தேன்.

கரை மேல் நின்றிருந்த அவர் என்னை நோக்கி இறங்கி வந்தார். கையைக் காட்டினேன், வராதீங்க என்று. வந்தார். நேராகக் கூட்டத்துக்குள் காலை வைத்தார்.

மொத்தமும் எழும்பியது. அவர் இடுப்பு, மார்பு, முகம் எல்லாம் வெள்ளையாகப் படபடத்தது. அவர் பயந்துபோய் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டுங்க, அந்தப் பூச்சிங்ககிட்ட எதுக்குக் காட்டுறீங்க?" என்று கத்தினேன்.

அவர் கையை எடுத்தார். "எங்க இருந்துடி வந்துச்சு இதெல்லாம்?" என்றார்.

முகத்தில் வீம்பு இல்லை. நிஜமாகவே கேட்டார். சேற்றில் நின்றுகொண்டு, தன் காலைச் சுற்றி என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். என் கோபம் அந்த நொடியே இறங்கிவிட்டது. எழுந்து போய் அவருக்கு இடப்பக்கம் நின்று காதோரமாக என் கையை ஆட்டினேன். திரும்பவில்லை. கையை ஆட்டியபடியே முன்னால் கொண்டுபோனேன். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "என்ன பண்ற நீ?" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தார். "படி எறங்கறப்ப காலு தடுமாறும். வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

மறுநாளே புதுக்கோட்டையில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற நோய் என்றார் டாக்டரம்மா. வலி இருக்காது, ஓரத்திலிருந்துதான் பார்வை போகும், அதனால் ஆளுக்கே தெரியாது. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் வர வர பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு தாளில் படமாக வந்தது. இடக்கண்ணில் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பெரும்பாலும் கறுப்பு. வலக்கண்ணில் கீழ்ப்பக்கம் மட்டும் கறுப்பு. இரண்டிலும் நடுப்பகுதி வெளுப்பாக மிஞ்சியிருந்தது.

அவர் அந்தத் தாளை வாங்கி, நில வரைபடத்தைப் பார்க்கிற தினுசில் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "டாக்டரம்மா, இந்தக் கறுப்பு பூராவும் புறம்போக்கா?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆமா சார். போனது போனதுதான், திரும்பி வராது. மிச்சம் உங்க பட்டா நெலம். தெனமும் சொட்டு மருந்து விட்டீங்கன்னா ஆக்கிரமிப்பு இல்லாமக் காப்பாத்திக்கலாம். வண்டி மட்டும் ஓட்டாதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை. நான்தான் ஊர் வரும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன். இத்தனை நாளும் அந்த மனுஷனுக்குப் பாதி உலகம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் சட்னியில் காரம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு அவர் நடக்க வருவதை நிறுத்திவிட்டார். பைக் சாவியை ஆணியில் மாட்டினார், ஆபீஸுக்கு பஸ்ஸில் போனார், வந்தார். சொட்டு மருந்து வேளை தவறாமல் நான் விட்டேன். நடக்கக் கூப்பிட்டால் மட்டும் தலையை ஆட்டிவிடுவார். ஒருநாள் வற்புறுத்தியபோது, "பூச்சியக் கண்டுபிடிக்கத்தான் என்னயக் கூட்டிக்கிட்டுப் போன. இனிமே நான் எதுக்கு?" என்றார். "பூச்சிக்காகத்தான் ஒங்களோட வந்தேனா நான்?" என்று கேட்டேன். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டு நின்றதில்லை. கண் போனதைவிட இனி கேட்க வேண்டியிருக்குமே என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அது எனக்குப் புரிந்தது, எப்படிச் சரிசெய்வது என்றுதான் புரியவில்லை.

இந்தக் கோடையில் நான் தனியாகவே போனேன். போய் இலை இலையாகப் படம் எடுத்து வந்தேன். வேண்டுமென்று இல்லை, நான் அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல பூச்சி எங்கடி இருக்கு?"

"பறந்துருச்சு."

"இதுல?"

"அது வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேமராவைக் கண்ணில் வைத்து, வாசலில் இருந்த செம்பருத்தியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நடுவுல நல்லாத்தான் தெரியுது" என்றார், தனக்குத்தானே. கேமராவுக்கு நடு மட்டும் போதுமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை நான் செருப்பைத் தேடும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து வேலை கைமாறியது. நான் கண்டுபிடிக்க வேண்டும், அவர் படம் எடுக்க வேண்டும். நான் காட்டுவதில் பாதி சருகு, கொஞ்சம் மிட்டாய்த் தாள். "நல்ல ஆள வேலைக்கு வச்சேன்" என்பார். இடப்பக்கம் கல்லும் குழியும் அவருக்குத் தெரியாது. முதல் நாளே ஒரு வேரில் தடுக்கிச் சாயப் பார்த்தார், நான் கையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் புருஷனும் பொண்டாட்டியும் கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, அப்புறம் ரோட்டில் நான்கடி தள்ளித்தான் நடப்பார்கள். காட்டுக்குள் பிடித்துக்கொள்ள விட்டார். தார் ரோடு வந்ததும், ஏதோ சட்டைப் பையில் தேடுகிறவர் மாதிரி கையை உருவிக்கொண்டார். தினமும் அப்படித்தான். வண்டி போகிற ரோட்டில்தானே கை வேண்டும்?

விடுமுறை முடியப் போகிற வாரம். கண்மாய்க்குள் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளைக் கொடியில் ஒரு ரோஜா அழகி, வயிற்றை வளைத்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. நானேதான் பார்த்தேன். அவர் தோளை அழுத்தி மண்டியிட வைத்தேன். முகத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கீழ" என்றேன். பூச்சி கேமராவுக்குள் வந்ததும் அவர் மூச்சே நின்றுவிட்டது. எடுத்து முடித்து எனக்குக் காட்டினார். சிவந்த வயிறும், இலைக்கு அடியில் ஒரே ஒரு முட்டையும் அப்படியே தெளிவாக விழுந்திருந்தன. "தரையில இருக்குறதப் பார்த்து எத்தன நாளாச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

திரும்பி வந்தோம். தார் ரோடு வந்தது. அவர் கையை உருவவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். டீக்கடையை நெருங்கியதும் எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது, பெஞ்சு முழுக்க ஆட்கள், அதில் இரண்டு பேர் என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாமார்.

"விடுங்க, பார்க்குறாங்க" என்றேன்.

"யாரு?"

"டீக்கடையில. பீச்சாங்கைப் பக்கம்."

அவர் நேராகப் பார்த்தபடி நடந்தார். "எனக்கு ஒருத்தரும் தெரியலையே" என்றார். என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.