ஆடிக்கு அனுப்பிவிட்டு

நான் நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். மனைவி என்னைக் கைவிட்டுப் போனாள் என்று சத்தியம் செய்தேன். கைவிட்டவன் நான்!

உங்களுக்குத் தெரியாததா? ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். மாதம் முடிந்ததும் கணவன் போய் அழைத்துவர வேண்டும். செல்வியை அழைத்துப்போக அவள் அப்பா சேலத்திலிருந்து வந்தார். தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டவனே நான்தான்.

அழைத்துவர நான் போகவில்லை.

அப்படி என்ன குறை அவளிடம்? இந்தி தெரியாது. என் நண்பர்கள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள்... அவ்வளவுதான்! அவளை நினைத்து வெட்கப்பட்டேன். இன்று என்னை நினைத்து வெட்கப்படுகிறேன்.

"ஆடி முடிஞ்சிருச்சுங்க. எப்ப வர்றீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள். லீவ் கிடைக்கவில்லை என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடி அதையே சொன்னேன். பிறகு அவள் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

பிரிந்து இரண்டு ஆண்டு ஆனால், கைவிட்டுப் போனாள் என்று விவாகரத்து வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். காத்திருந்தேன். அவள் உள்ளறைக்குப் போனதையும் கொடுமை என்று எழுதிச் சேர்த்தோம். பாவம், பயந்த பெண்...

ஏன் திரும்பிப் போகவில்லை என்று நீதிபதி இந்தியில் கேட்டார்.

"ஆடிக்குப் போனேனுங்க. அவரு வந்து கூப்பிடுவாருன்னு இருந்தேன்" என்றாள் செல்வி.

அவளுடைய வக்கீலின் ஜூனியர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கணவன் கூப்பிடவில்லையாம், அதனால் வரவில்லையாம் என்று மட்டும் இந்தியில் சொன்னாள். ஆடி அவளுக்கே புரியவில்லை. அதை இந்தியில் புரியவைக்க அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவனே. ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? ஜெயிக்க வேண்டுமே!

ஜெயித்தேன். வெளியே வராந்தாவில் அவள் அப்பா என்னிடம் வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நாங்களா கொண்டாந்து விட்டா பொண்ணுக்கு மரியாதையா இருக்காதுன்னு இருந்துட்டோம் மாப்பிள்ளை... தப்புங்களா?"

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று எனக்கு லீவ்.

இந்த ஆண்டும் ஆடி முடிந்துவிட்டது. நண்பர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். மலை மந்திர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து, ஒருவனுக்கு மட்டும் சோறு வைக்கிறேன். உள்ளறைக் கதவு திறந்தே கிடக்கிறது.

லீவ் நிறைய மிச்சமிருக்கிறது. போய் அழைத்துவர யாருமில்லை.