மேகலாதான் பெரியவள்

வளருகிற பிள்ளைக்கு முட்டி வலிக்கத்தான் செய்யும் என்பது பூதலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அதனால் ஆறு வயது மேகலா காலையில் எழுந்து காலை மடக்க முடியாமல் அழுதபோது, அவள் அம்மா தங்கமணி பெரிதாகக் கவலைப்படவில்லை. நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். முட்டி வீங்கி நடையே நின்ற பிறகுதான் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்றார் டாக்டர். இரண்டு மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை போடும் மஞ்சள் மாத்திரை நோயை அடக்க. அதை விடவே கூடாது. தினமும் போடும் வெள்ளை மாத்திரை வீக்கம் வற்ற. அதைக் கொஞ்ச நாளில் அவரே குறைத்து நிறுத்துவார், மாதாமாதம் வர வேண்டும். மஞ்சளைப் போட்டால் பிள்ளை வாந்தி எடுத்தது. வெள்ளையைப் போட்டால் ஓடி விளையாடியது. தங்கமணி மஞ்சளை வாய்க்காலில் எறிந்தாள். வெள்ளையைக் கடைத்தெரு மெடிக்கலில் வருஷக்கணக்காக வாங்கிக் கொடுத்தாள். நடவு, களை, அறுப்பு என்று வேலை கூப்பிடும்போது தஞ்சாவூர் பஸ் ஏற யாருக்கு நேரம்? மெடிக்கல்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன்.

மேகலாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பிள்ளை தேறிவிட்டது என்று தெரு மெச்சியது. கண் பட்டுவிடுமே என்று தங்கமணி வெள்ளிக்கிழமைதோறும் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மருந்து கொடுத்த வீக்கத்துக்குத் திருஷ்டி கழித்த வீடு அது.

யூனிஃபார்ம் தைக்கும்போதெல்லாம், வளருகிற பிள்ளை என்று கீழே மடித்து அடிக்கச் சொல்வாள். அந்த மடிப்பைப் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அக்கா சட்டை தங்கைக்குப் போவதுதான் உலக வழக்கம். அங்கே மூன்று வயது இளையவள் கனிமொழிக்குப் பத்தாத சட்டை அக்காவுக்கு வந்தது. அப்போதுதான் தங்கமணி தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

மறுபடி அதே டாக்டர். "அடக்காம விட்ட நோயும் வளர்த்தியைத் தின்னும், இந்த வெள்ளை மாத்திரையும் தின்னும். நீங்க ரெண்டையும் சேத்துத் திங்க விட்டுட்டீங்க" என்றார். வெள்ளையைப் படிப்படியாகக் குறைத்தார். நோயை அடக்க ஊசி எழுதினார். எலும்பின் வளரும் நுனி இன்னும் மூடவில்லை, கொஞ்சம் உயரம் பிடிக்கலாம், பூராவும் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார். மேகலா தன் கையாலேயே வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு வருஷத்தில் இரண்டு விரற்கடை வளர்ந்தாள். பதினைந்து வயதில் அதற்குக் கிடந்து சந்தோஷப்பட்டாள், பாவி மகள்.

அந்த வைகாசியில் கனிமொழி வயதுக்கு வந்தாள். அக்கா இன்னும் வரவில்லை. தாய்மாமன் பஞ்சநதம் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தான். தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பாபநாசத்திலிருந்து அவன் மாமியார் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். பார்த்து, அன்று காலையில்தான் மேகலாவுக்கு முட்டி வீங்க வேண்டுமா? தங்கமணி மெடிக்கலுக்கு ஆள் விட்டுப் பழைய வெள்ளை மாத்திரையை வாங்கி நீட்டினாள்.

"ஒரு நாளைக்குத்தானேடி. சபையில நொண்டிக்கிட்டா நிக்கப்போற?"

"நொண்டிட்டுப் போறேம்மா. இதத் தொடமாட்டேன்."

சொன்னபடியே தாம்பாளத்தை ஏந்தி நொண்டிக்கொண்டு வந்தாள். பஞ்சநதத்தின் மாமியார் அவள் கன்னத்தைக் கிள்ளி, இவள்தான் சின்னவளா என்று கேட்டார். மூத்தவள் இருக்க இளையவள் மணையில் உட்கார்ந்தால் நாலு வாய் நாலு விதமாகப் பேசும். தங்கமணி தயங்கவே இல்லை.

"ஆமாங்க, சின்னவ. ஆறாவது படிக்கிறா."

மேகலா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க பெரியவ. பத்தாவது எழுதிட்டேன்."

"வெளையாட்டுப் புள்ளைங்க. எப்பவும் இப்படித்தான்" என்று தங்கமணி சிரித்தாள்.

அந்த அம்மாள் மேகலாவை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார். தாய் சொன்னதை நம்பினார். கால் வலிக்குதா கண்ணு என்று கேட்டுக்கொண்டே, அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.