கரி வண்டியில் ஒரு ஜன்னலோரம்

என் அம்மா பஸ்ஸில் உட்கார மாட்டாள். வண்டியே காலியாக இருந்தாலும் பின் படிக்கு மேலே, கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவாள். யாராவது உட்காரச் சொன்னால் இறங்கப்போகிறேன் என்பாள். இறங்கும் இடம் எங்கோ தள்ளி இருக்கும்.

அவள் மீன் விற்றவள். கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று தெருத் தெருவாக நடந்து என்னைப் படிக்க வைத்தாள். மீன் கூடையோடு ஏறுகிறவளை எந்த பஸ்ஸிலும் யாரும் வா வாவென்று கூப்பிட்டதில்லை. சில கண்டக்டர்கள் ஏற்றாமலே விசில் அடித்துவிடுவார்கள். ஏற்றினால் பின் படி. பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புவார்கள். அவளுக்கு அது பழகிப்போனது. எனக்குத்தான் பழகவில்லை. சின்ன வயதில் அவளோடு போகும்போதெல்லாம் அந்த முகங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நான் கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். பஸ்ஸில் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட எனக்கு இன்னும் சுருக்கென்று கோபம் வருகிறது.

முட்டி வலி வந்து கூடையை இறக்கிவைத்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். ஒரு நாள் டிவியில் நீலகிரி மலை ரயிலைக் காட்டினார்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கே இந்தக் கதை தெரிந்தது. கல்யாணமான புதிதில் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நீராவி எஞ்சின் இழுக்கும் கரி வண்டியில் கருவாடு கொண்டுபோகக் கிளம்பினாளாம். டிக்கெட் வாங்கி, ஏறி, ஆசையாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி கிளம்புவதற்குள் பெட்டியில் இருந்தவர்கள் நாற்றம் நாற்றம் என்று சத்தம் போட்டு, கூடையோடு அவளை இறக்கிவிட்டார்கள். வண்டி புகைவிட்டுக்கொண்டு போவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாளாம். அதற்கப்புறம் லாரியில்தான் போனாள். பிறகு அந்த லைனில் கரி வண்டியே இல்லாமல் போய்விட்டது.

“ஒரு தபா அதுல குந்திகினு போவணும்டி,” என்றாள்.

தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரியே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவசரத்தில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டிக்கெட் போட்டுத் தொலைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னால், நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும்தான், அதற்கு மேலே டீசல் என்று இன்னொரு டீச்சர் சிரிக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு அதை ரத்து செய்தேன். திரும்ப முயற்சி செய்து, அரையாண்டு விடுமுறையில் ஒரு நாளுக்கு, மேட்டுப்பாளையம் - குன்னூர், இரண்டு இருக்கை பிடித்தேன். அம்மாவுக்கு ஜன்னலோரம் வாங்கித்தர வேண்டும். அதில் அவள் எழுந்திருக்காமல் மலை ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிளம்பும் நாளில் இரண்டு முறை குளித்தாள். பவுடர் டப்பாவில் பாதியைக் காலி செய்தாள். மீனைக் கையால் தொட்டே எத்தனையோ மாதம் ஆகிறது, யார் மேலம்மா நாற்றம் என்று கேட்டேன். உனக்குத் தெரியாது என்றாள். சென்ட்ரல் வரைக்கும் காரில் விடுகிறேன் என்று என் கணவர் சொன்னார். ஏசி கார் குமட்டும் என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். பஸ்ஸில் தாம்பரம் போனோம். எதிர்பார்த்ததுதான். பின் படி, கடைசிக் கம்பி. பக்கத்திலேயே இரண்டு சீட்டு காலியாக இருந்தது. நான் ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் பையை வைத்து, தாம்பரம் வரும்வரை அவளை முறைத்துக்கொண்டே வந்தேன்.

தாம்பரத்தில் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டி வந்தது. சாயங்காலக் கூட்டம். லேடீஸ் பெட்டியில் இடித்துப் பிடித்து ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், அம்மா இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது. அவளுடைய போன் என் பையில் இருந்தது. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டிக் குரோம்பேட்டை வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. குப்பத்தில் மீன் படாத நாட்களில் அவள் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வந்தது இதே வண்டியில்தான். கூடையும் மூட்டையுமாக வியாபாரிகள் ஏறுவதற்கென்று இதில் ஒரு வெண்டர் பெட்டி உண்டு. பழக்கத்தில் கால் அங்கே போயிருக்கும். அதே பழக்கத்தில், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பார்க் ஸ்டேஷனில் இறங்காமல் பீச் வரைக்கும் போய்விட்டால் மேட்டுப்பாளையம் ரயில் போச்சு, எல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன்.

பார்க்கில் குதித்து ஓடினேன். வெண்டர் பெட்டிக்கு எதிரே சாவகாசமாக நின்று, யாரோ ஒரு பூக்காரியின் கூடையை அவள் தலைக்குத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள் என் அம்மா. நடுப் பிளாட்பாரத்தில் நின்று கத்தினேன். கையில் கூடைகூட இல்லையே, அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குக் கோபம் பொசுக்கென்று வடிந்து, அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக சென்ட்ரலுக்கு நடந்தேன். ரயில் ஏறும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

விடிந்தபோது மேட்டுப்பாளையம். மலை எங்களுக்கு எதிரே நீலமாக நின்றது. கடலைப் பார்த்தே வளர்ந்தவள், இவ்வளவு உயரமாக ஒன்று நிற்கும் என்று நினைக்கவே இல்லை போல. அண்ணாந்தவள் அண்ணாந்தபடியே நடந்தாள்.

எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. மலையில் அதுதான் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுமாம். பொம்மை ரயில் என்று எல்லோரும் சொல்வதால் ஏதோ பொருட்காட்சி ரயில் மாதிரி இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிட்டே போனால் அனல் அடிக்கிறது. சும்மா நிற்கும்போதே அதன் உடம்பெல்லாம் ஏதோ கொதிக்கிறது, சொட்டுகிறது, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு இரும்புத் தண்டும் என் இடுப்புத் தண்டி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா நாலடி தள்ளி நின்று, புடவையைச் சரி செய்துகொண்டு, அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“உசுரு கீதுடி இதுக்கு,” என்று மெதுவாகச் சொன்னாள்.

பெட்டியில் எதிரெதிராக இரண்டு மரப் பலகை. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நான் அணைபோட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டேன். எதிரே ஒரு குடும்பம் வந்தது. அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜன்னல் கேட்கிறார்கள், அந்த அம்மா கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார முடியுமா என்று. அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். தள்ளி உட்காரக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நிற்கத் தயாராகிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரை விட்டுவிட்டேன். அம்மாவைத்தான் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டு, பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன்:

“உட்காரும்மா. உன்னை யாரும் இறக்கிவிடலை.”

அந்த மனிதர் சாரி, சாரி என்று பிள்ளைகளைத் தன் பக்கத்து ஜன்னலுக்கே மாற்றி மாற்றி உட்கார வைத்துக்கொண்டார். அம்மா உட்கார்ந்தாள். பலகையின் நுனியில், பை மடியில், எந்த நிமிஷமும் எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி. இவளை என்னதான் செய்வது என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

கல்லாறு தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அங்கிருந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் பல்லாக ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அந்தச் சத்தம் காலுக்கடியிலிருந்து வயிறு வரைக்கும் வந்தது. மனிதர் நடக்கிற வேகம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாக்குத் தோப்பெல்லாம் கீழே போனது. பாறையிலிருந்து அருவி ஒழுகி எங்கள் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில் விழுந்தது. பாலத்தில் போகும்போது கீழே ஒன்றுமே இல்லை. வெறும் ஆழம். வளைவில் திரும்பும்போது எஞ்சின் தெரிந்தது. கடைசியில் குனிந்துகொண்டு, வெள்ளையும் கறுப்புமாகப் புகையைக் கக்கிக்கொண்டு, எங்கள் அத்தனை பேரையும் முதுகில் கை கொடுத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய மலையில் இப்படி ஒரு வழி போட்டு, இந்தக் காலத்திலும் நீராவியில் ஓட்டுகிறார்களே என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது.

“இஸ்துகினு போவல பாரு. பின்னாலந்து தள்ளுது, கூடைய தூக்கிவுடறாப்புல,” என்றாள் அம்மா.

அப்போதுதான் கவனித்தேன். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை. பை கீழே காலடியில் கிடந்தது. ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, காற்றில் தலைமுடி பறக்க, கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்தின. புகை உள்ளே வந்து அப்பியது. எல்லோரும் இருமினார்கள். வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் கன்னத்தில் கரி. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

வழியில் ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். பெட்டியே இறங்கி டீ குடிக்கவும் குரங்கைப் படம் பிடிக்கவும் போனது. அம்மா அசையவில்லை. டீ அவளுக்கு உயிர். ஜன்னல் வழியாக வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே, ஊதி ஊதி, ரொம்ப நேரம் குடித்தாள். அவளையே பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். மலையைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

குன்னூரில் எஞ்சினைக் கழற்றினார்கள். எங்கள் டிக்கெட்டும் அதோடு முடிந்தது. கீழே இறங்க மேட்டுப்பாளையம் பஸ் பிடித்தோம். நான் டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் அம்மா பின் படிக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள். ஆனால் நிற்கவில்லை. காலியாக இருந்த கடைசி சீட்டில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அதற்கு முன்சீட்டில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மூன்று வளைவு தாண்டியிருக்கும். அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மோந்து பார்த்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா அதற்குள் பையை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, பாதி எழுந்துவிட்டாள்.

“ரயில்ல வந்தீங்களாம்மா? புகை வாசம் அடிக்குது,” என்றாள் அந்தப் பெண்.

அம்மா எழுந்த நிலையிலேயே முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“ஆமாம்மா,” என்றாள். “குந்திகினு வந்தேன்.”