கதிரைகளுக்குப் பாடிய பாட்டு

எங்களை எங்கள் பாட்டுக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். எங்களிடம் நல்ல ஸ்பீக்கர் செற் இருந்ததும், அதை ஏற்றி இறக்க டிரம்ஸ்காரனிடம் சின்ன லொறி இருந்ததும் அதற்கு முழுக் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெருமை தலைக்கேறினால் கண் தெரியாது.

நாங்கள் மூன்று பேர். நான் கிற்றார் வாசித்துப் பாடுவேன். கீபோட்காரர் பகலில் ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிப்பவர். டிரம்ஸ்காரன் இலங்கைத்துறைப் பெடியன்; கடலுக்குப் போகச் சொன்ன தகப்பனோடு கோபித்துக்கொண்டு திருகோணமலை ரவுனுக்கு வந்து சேர்ந்தவன். கலியாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் போவோம். யாரோ எழுதி, யாரோ பாடி, யாருக்கோ பேர் வந்த பாட்டுகளைத்தான் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தோம்.

அம்மா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைப்பவர். வீட்டு முன்னறையில் கால்மெஷின். ஒருநாள் நான் கலியாண வீட்டுப் பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“ஊராற்ற பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுறாய். உன்ர பாட்டு எங்க?”

பகிடிக்குக் கேட்டாரா, குத்திக் காட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகுதான் அந்தப் பாட்டை எழுதினேன். துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையைப் பற்றியது. விடியற்காலையில் யார் வீட்டில் முதலில் வெளிச்சம் வரும், யார் கதவு கடைசியாகப் பூட்டப்படும் என்று போகும். முதல் வெளிச்சமும் கடைசிக் கதவும் எங்கள் வீடுதான். பாட்டில் அதைச் சொல்லவில்லை. தாளத்தில் மட்டும் சொல்லியிருந்தோம். டிரம்ஸ்காரன் ஒரு பின்னேரம் முழுக்க எங்கள் முன்னறையில் கதிரை போட்டிருந்து, அம்மாவின் மெஷின் ஓடுவதையும், துணி திருப்புவதற்காக நிற்பதையும், மறுபடி ஓடுவதையும் தொடையில் தட்டித் தட்டிப் பழகினான். நான் அடுப்பில் ரீ போட்டுக்கொண்டு நின்ற குசினிக்கு அம்மா வந்து, “உந்தப் பெடியனுக்கு வேலைவெட்டி ஒண்டும் இல்லையோ? என்ர காலையே பாத்துக்கொண்டிருக்கிறான்” என்று என் காதுக்குள் முறைப்பட்டார்.

கேட்டவுடன் அம்மா தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் ஆசை. வீட்டில் பாடிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் நான் பாடினால் அம்மாவுக்கு அது சத்தம். மெஷினை நிற்பாட்ட மாட்டார். பாதியில், “தண்ணி கொதிக்குது, போய்ப் பார்” என்பார். நாலு சனம் காசு கொடுத்து உள்ளே வந்து கேட்கிற இடத்தில், மெஷின் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு அவர் இருந்து கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்புத் தமிழ்ப் பெடியன் ஒருவன் எங்களைத் தேடி வந்தான். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு பழைய சாமான் கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, கயிற்றில் பல்பு தொங்கவிட்டு, யாரோ புதிதாக ஒரு பப் திறந்திருந்தார்கள். அங்கே சொந்தப் பாட்டுப் பாடும் குழுக்களுக்கு மட்டும் ஒரு இரவு. கொழும்பில் இருந்து மூன்று குழு, ஊரில் இருந்து நாங்கள்.

“சினிமாப் பாட்டே வேணாம் அக்கா. உங்க பாட்டு மட்டும்தான்” என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் அவனுக்கு ரீ போட்டுக் கொடுத்தேன். பலகாரமும் வைத்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் ஏசினார்.

“தவறணையில பாடப் போறியோ?”

“தவறணை இல்லையம்மா. பப்.”

“அங்க குடிக்கிறவையோ இல்லையோ?”

“குடிக்கிறவைதான்.”

“பிறகென்ன வித்தியாசம்?”

ஆனால் மறுநாள் சாப்பாட்டின்போது, “பொம்பிளையளும் வருவினமோ?” என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள், “ஏழு மணிக்கு எண்டால் ஓட்டோவில வந்திட்டு ஓட்டோவிலயே போகலாம்” என்று தனக்குத்தானே சொன்னார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்து, தனக்கென்று ஒரு துண்டு வெட்டாத மனிசி, அந்தக் கிழமை ஒரு நீலச் சட்டைத்துணி எடுத்துச் சேலைக்குப் பொருத்தமாகத் தைத்துக்கொண்டார். நான் காணாததுபோல் இருந்தேன். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்தது.

நிகழ்ச்சியன்று பின்னேரம் செற்றை லொறியில் இருந்து இறக்கி, வயர் கொடுத்துப் பூட்டினோம். இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயிலிலோ கலியாண வீட்டிலோ செற் பூட்டினால் நாங்கள் மைக்கில் ஊதிப் பார்த்துவிட்டு விடுவதில்லை. பந்தலில் ஒரு சனமும் இல்லாத நேரத்தில் ஒரு முழுப் பாட்டைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை பாடுவோம். பாதியில் விட்டால் அன்றைய நிகழ்ச்சி உருப்படாது என்று ஒரு நம்பிக்கை. அதை யாரும் பாட்டாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். சமையற்காரர் கேட்பார், வாழைமரம் கட்டுகிறவர் கேட்பார், அவ்வளவுதான். விளக்கேற்றிய பிறகு பாடுவதுதான் பாட்டு.

அந்தப் பழக்கத்தில், வெறும் கதிரைகளுக்கு முன்னால், எங்கள் மூன்று பாட்டையும் முழுதாகப் பாடினோம். சுவர் பழைய சுவர், எதிரொலி அதிகம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறுவேறு மாதிரித் திருத்த வேண்டியிருந்தது. ஒழுங்கைப் பாட்டைப் பாடியபோது எங்கள் மூன்று பேருக்கும் அது எப்படியோ கூடிவந்தது. கீபோட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூலையில் பியர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர் கை தட்டினார்கள். கொழும்புப் பெடியன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான்.

“செமயா இருந்திச்சு அக்கா” என்றான்.

“இது சவுண்ட் பாக்கத்தான் தம்பி. இரவைக்கு இன்னும் நல்லா வரும்” என்றேன்.

அவன் சிரித்துத் தலையாட்டினான். எங்கள் ஊரில் அந்தத் தலையாட்டலுக்கு விளங்கியது என்று அர்த்தம்.

நான் சொன்ன நேரத்துக்கு முன்பே அம்மா வந்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தனியாக உள்ளே வரக் கூச்சப்பட்டு, எதிர்ப்பக்க மதிலோரம், எங்கள் ரவுன் வீதிகளில் திரிந்து குப்பையில் கடதாசி தின்னும் மான்களோடு மானாக நின்றிருக்கிறார். ஒரு வெளிநாட்டுப் பெண் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனதைக் கண்ட பிறகுதான் துணிவு வந்து, அவளுக்குப் பின்னால் நுழைந்தார். நீலச் சட்டை, கோயிலுக்குக் கட்டும் சேலை, கையில் வீட்டுத் தண்ணீர்ப் போத்தல். கொழும்புப் பெடியன் ஓடிப்போய் முன்வரிசையில் கதிரை போட்டுக் கொடுத்தான். தேசிக்காய்த் தண்ணியும் கொண்டுவந்து வைத்தான். அம்மா அதில் ஒரு மிடறும் குடிக்கவில்லை. ஆனால் அவன் மனம் நோகக் கூடாது என்று கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இடம் இரண்டாவது. முதல் குழு தொடங்கவே பிந்திவிட்டது. அவர்கள் முடித்ததும் நான் கிற்றாரை எடுத்தேன். பெடியன் வந்தான்.

“அக்கா, மற்ற பாண்ட்காரங்க கொழும்புக்குத் திரும்பிப் போகணும். அவங்கள அடுத்தடுத்து விட்டுடுவோம். நீங்க ஊர்க்காரங்கதானே.”

ஊர்க்காரர் எப்போதும் பொறுக்க வேண்டியவர்கள்தான். கிற்றாரைச் சாய்த்து வைத்தேன். இரண்டாவது குழு சிங்களத்தில் பாடியது. நல்லாய்ப் பாடினார்கள். கூடாமல் பாடியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாடுகிற பெண்ணின் குரல் கரகரத்தபோது நான்தான் மிக்சரில் கை வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். சவுண்ட்காரி என்று நினைத்திருப்பாள். அம்மா ஒவ்வொரு பாட்டுக்கும் மரியாதையாகக் கை தட்டினார். தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது நீயோ என்று கண்ணால் கேட்டார். பொறுங்கோ என்று கையால் காட்டினேன். மூன்றாவது குழுவுக்கும் அப்படியே காட்டினேன்.

மூன்றாவது குழு இழுத்துக்கொண்டே போனது. முடிந்ததும் பெடியன் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். ஸ்பீக்கருக்குப் பத்து மணி வரைதான் பொலிஸ் அனுமதியாம். சவுண்டுக்கு உதவிய எங்களுக்கும் ஒரு கைதட்டு வாங்கித் தந்தான். நான் அவனிடம் போனேன்.

“தம்பி, நாங்கள் இன்னும் பாடேல்ல.”

அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

“நீங்க பின்னேரமே ஃபுல்லா பாடிட்டீங்க தானே அக்கா? நான் லைவ்ல போட்டேன். நல்ல ரெஸ்பொன்ஸ்.”

“அது சவுண்ட் பாத்தது.”

“மூணு பாட்டும் முழுசா பாடினீங்களே. சவுண்ட் பார்க்க யார் முழுசா பாடுவாங்க?”

நாங்கள் பாடுவோம். எங்களைத் தவிர உலகத்தில் ஒருவரும் பாட மாட்டார்கள் போல் இருக்கிறது.

டிரம்ஸ்காரனுக்கு முகம் கறுத்துவிட்டது. “அக்கா, வயரைப் பிடுங்கிக்கொண்டு இப்பவே போவம்” என்றான். பிடுங்கி என்ன பயன்? நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பிடுங்கியிருந்தால் அவர்கள் பாடும்போது பிடுங்கியிருக்க வேண்டும். எங்கள் ஸ்பீக்கர், எங்கள் வயர், எங்கள் மிக்சர். எல்லோருடைய பாட்டையும் நல்லாய்க் கேட்கச் செய்துவிட்டு, கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் வழியில்லாமல், கடைசி ஆள் வெளியேறும் வரை காத்திருந்து வயர் சுருட்ட வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கொழும்புப் பெடியன் அம்மாவிடம் போனதைக் கண்டேன். குனிந்து, பணிவாக, ஏதோ சொன்னான். அம்மாவின் முகம் வாடியது. கிளாசை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“நான் வரேக்க நீ பாடி முடிச்சிட்டியாம்.”

“ஆர் சொன்னது?”

“அந்தப் பெடியன்தான். ‘கொஞ்சம் லேட்டா வந்திட்டீங்க அம்மா, மகள் சூப்பரா பாடினாங்க’ எண்டு.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு வயசான மனிசியைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். நான் அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. பாட விடாததற்குக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன்.

“அம்மா, நீங்கள் பிந்தேல்ல. அவங்கள் எங்களைப் பாட விடேல்ல.”

“சும்மா கதைக்காத. கதிரை போட்டுத் தந்த பிள்ளை. அவனுக்கு என்னட்டப் பொய் சொல்ல என்ன தேவை? நீதான் நான் கவலைப்படுவன் எண்டு பொறுங்கோ எண்டு கை காட்டியிருக்கிறாய்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “நான் வெளியில நிண்டு மினக்கெட்டுப் போட்டன். வந்தவுடன உள்ளுக்க வந்திருக்க வேணும்.”

ஓட்டோவில் போகும்போது, “இப்ப பாடிக் காட்டன்” என்றார். ஓட்டோ இரைச்சலில், வயர் ஊத்தை பிடித்த கையோடு, அந்தப் பாட்டையா? ஏலாது என்றேன். நான் கோபத்தில் இருப்பது தன்மேல்தான் என்று அம்மா எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அந்தப் பெடியன் போட்ட வீடியோவை அடுத்த நாள் இரவு தேடினேன். அது ஒரு நாள்தான் நிற்குமாம், போய்விட்டது. அடுத்த வருடம் டிரம்ஸ்காரன் கட்டாருக்குப் போனான். அந்தத் தாளத்தை அவனைப்போல் வேறொருவருக்கும் பிடிக்கத் தெரியவில்லை. நானும் இரண்டு மூன்று தடவை அம்மாவுக்குப் பாடிக் காட்ட நினைத்து கிற்றாரை எடுத்தேன். முதல் அடியிலேயே, அம்மாவிடம் குனிந்து கதைத்த அந்தச் சிரித்த முகம் வந்து நின்றது. கிற்றாரை வைத்துவிட்டேன். நடந்ததை அம்மாவிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். நான் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்வதாக நினைக்கிறார்.

பள்ளிக்கூடத் தவணை தொடங்கும் மாதம் சட்டை அளவு கொடுக்க வரும் தாய்மாரிடம் அம்மா அந்த இரவைப் பற்றிச் சொல்வார். பல்பு தொங்கின அழகையும், தேசிக்காய்த் தண்ணி தந்த பிள்ளையின் குணத்தையும் சொல்வார். சொல்லும்போதும் கால் நிற்பதில்லை. மெஷின் ஓடும், துணி திருப்ப நிற்கும், மறுபடி ஓடும். போன கிழமையும் ஒருவர் கேட்டார், மகளின் பாட்டு எப்படி என்று. நான் குசினியில் நின்றேன்.

“நான்தான் பிந்திப் போனனான்” என்றார் அம்மா. “நல்லாப் பாடினவளாம்.”