சட்டைக்கு அடங்காத ஜெல்ஃபா

லமார் ஹிக்பிக்கு நெவாடாப் பாலைவனத்தில் அரசாங்க வேலை கிடைத்த செய்தி, ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்திலேயே அறிவிக்கப்பட்டது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். கால்நடை வளர்ப்பில் பட்டம். அணுகுண்டு வெடித்துப் பார்க்கிற இடத்தில் அவனுக்கு என்ன வேலை என்பதை மட்டும் அவன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. பன்றி பார்த்துக்கொள்கிற வேலை.

வெடிப்பின் வெப்பம் எவ்வளவு தூரத்தில், எந்தத் துணியைத் தாண்டித் தோலைச் சுடும் என்று அளக்க வேண்டும். மனிதத் தோலுக்கு நெருங்கிய தோல் பன்றிக்குத்தான். அதனால் பன்றிகளுக்குப் பட்டாளச் சட்டை மாட்டி, வெட்டவெளியில் கூண்டுக்குள் நிறுத்தி, பக்கத்தில் கரி பூசிய செப்புத் தகடுகளை நடுவார்கள். எவ்வளவு சூடு வந்தது என்று தகடு சொல்லும். அது என்ன செய்தது என்று தோல் சொல்லும். சட்டை அளவாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சூடு நேரே தோலில் இறங்கி, கணக்குக் கெட்டுப்போகும்.

பன்றிகளுக்கு எண்தான், பெயர் வைக்கக் கூடாது. ஆனால் நாற்பத்தொன்றாம் எண் பன்றி வந்த வாரமே காய்ச்சலில் விழுந்தது. லமார் தன் கம்பளியைப் போர்த்தி, பால் புகட்டித் தேற்றினான். தேறியதும் அது கதவுத் தாழை மூக்கால் நெம்பிக்கொண்டு அவன் பின்னாலேயே சுற்றியது. அந்த அதிகார நடையைப் பார்த்து, ஜெல்ஃபா என்று தன் அத்தை பெயரையே வைத்துவிட்டான்.

“என்ன டிகிரி, ஒங்க அத்தை சாப்டாச்சா?” என்பான், பட்டம் வாங்கியவனை அப்படியே கூப்பிடும் தீவன லாரி டூலி. “வெடிக்கிற அன்னிக்கு அத்தைக்கு எந்த எடம்? முன்வரிசையா?”

“வாய மூடிட்டு எறக்குடா மூட்டைய.”

வெடிக்கு மிக அருகே, முன்வரிசைதான். லமாருக்கு அது தெரியும்.

காற்று கைகொடுத்தது. ஊர்ப்பக்கம் வீசினால் வெடிக்கக் கூடாது என்பதால் ஒத்திவைத்தார்கள், மறுபடியும் ஒத்திவைத்தார்கள். பன்றிகளுக்கு அதெல்லாம் தெரியுமா? வளர்ந்தன. தையற்காரி இர்மா எல்லாச் சட்டையையும் பெரிதாக்கித் தைத்தாள். அந்த ரகத் துணியும் தீர்ந்தது. இனித் தீவனத்தைப் பாதியாகக் குறை என்று சோதனைக்குப் பொறுப்பான கேப்டன் உத்தரவு போட்டார்.

லமார் குறைத்தான், ஒருத்திக்குத் தவிர. சமையல்கூடத்தில் மிஞ்சிய சோளரொட்டியும் உருளைக்கிழங்கும் பாகும் ஜெல்ஃபாவின் தொட்டிக்குப் போயின. எடையை மட்டும் அவன் பொய்யாக எழுதவில்லை. படித்த கைக்கு அது வரவில்லை.

சட்டை மாட்டிப் பார்க்கும் நாளில் ஜெல்ஃபாவின் வயிற்றுப் பக்கம் பொத்தான்கள் நாலு விரற்கடை விலகி நின்றன.

“என்னய்யா இது, பீப்பாயா?” என்றார் கேப்டன்.

“நல்லா தின்னும் சார்.”

“மத்ததெல்லாம் திங்காதா?”

காப்பிகூடப் பாவம் என்கிற சபையில் வளர்ந்த பிள்ளை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் டூலி குறுக்கே விழுந்தான். “சில பேருக்குப் பச்சத்தண்ணி குடிச்சாலே ஒடம்பு ஊதும் சார். என் வீட்டுக்காரி அப்படித்தான் சொல்றா.”

கேப்டன் சிரிக்கவில்லை. “இர்மா, தையலைப் பிரிச்சு விட முடியுமா பாரு.”

இர்மா குனிந்து விலாப்பக்கத் தையலைப் புரட்டினாள். உள்மடிப்பில் நாலு விரற்கடைத் துணி இருந்ததை லமார் பார்த்துவிட்டான். பிரித்துவிட்டால் போதும், ஜெல்ஃபா அடங்கிவிடுவாள். இர்மா அவன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அந்த மடிப்பை மூடிக்கொண்டாள்.

“விடறதுக்குத் துணியே இல்ல சார். இழுத்துப் போட்டா முதுகுல கிழிஞ்சிடும்.”

“அப்ப இது வேணாம். வேற ஒண்ணக் கொண்டாங்க.”

கேப்டன் நகர்ந்ததும் லமார் இர்மாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா...”

“பேசாத தம்பி. அந்த மகராணிய மொதல்ல அவர் கண்ணுல படாத எடத்துக்கு ஓட்டிட்டுப் போ.”

ஜெல்ஃபாவுக்குப் பதிலாக அறுபத்தேழு போனது. அதற்கு அவன் பெயர் வைத்திருக்கவில்லை. வெடித்த விடியலில், பல மைல் தள்ளி முதுகு காட்டி நின்றவன் பிடரியில் அடுப்பைத் திறந்தாற்போல் சூடு வந்து போனது. அறுபத்தேழை நினைத்துக்கொண்டான். ஆனாலும் கொட்டகைக்குத் திரும்பிய கால்கள் லேசாகத்தான் இருந்தன.

ஊதவைக்கும் தேவை தீர்ந்ததால், அன்றிலிருந்து ஜெல்ஃபாவுக்கும் அளவுச் சாப்பாடுதான். காலித் தொட்டியை உருட்டிவிட்டு அவள் போட்ட கூச்சலில் டூலி காதைப் பொத்திக்கொண்டான்.

“இதுக்குத்தானா இம்புட்டுப் பாடுபட்ட?”

“கத்தட்டும்டா,” என்றான் லமார், வேலியில் சாய்ந்துகொண்டு. “நல்லா கத்தட்டும்.”