எனக்குக் காச்சிக் கீழே கொட்டின டீ

என் தங்கச்சி பழனியாத்தாளைப் பத்திக் கோவமில்லாம எழுத என்னால ஆகாது. புருசன் செத்தப்ப அவ மகளுக்கு ரெண்டு வயசு. "என் ஊட்டுக்கு வந்துரு"ன்னேன். மூணாவதோட பள்ளிக்கூடத்தை உட்டவன், கணபதியில சொந்தமா இரும்பு உருக்கற பவுண்டரி வெச்சு நடத்தறேன். ஒரு தங்கச்சிக்குச் சோறு போட முடியாதா? வரமாட்டேன்னுட்டா. சோமனூர்ல தறி ஓட்டியே மகள் சண்முகப்பிரியாவை இன்ஜினியர் ஆக்கிப்போட்டா. என்கிட்ட அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, மகள் கல்யாணத்துக்கு என் சம்மதம். தாய்மாமன் வேண்டாம்னா கல்யாணமே இல்லைன்னு அவளே சொல்லியிருந்தா.

வேண்டாம்னு சொல்லத்தான் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனேன். பையன் கிருபாசங்கர், நல்ல வேலையை உட்டுப்போட்டு ரேஸ்கோர்ஸ் ரோட்டுல கடை போட்டுச் சீனத்து டீ விக்கிறான். டீக்கடைக்காரனுக்கா எங்க புள்ளை?

எங்க பக்கம், சம்பந்தம் முடிவாகாத ஊட்டுல பச்சைத்தண்ணிகூட வாயில வெக்க மாட்டோம். வெச்சா சம்மதம்னு அர்த்தம். அதனால உக்காந்ததுமே ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்.

"குடிக்க வேண்டாமுங்க மாமா, வாசம் மட்டும் பாருங்க. கரி நெருப்புல வறுத்த ஊலாங் டீங்க."

கைக்குள்ள அடங்குற மண் குடுவையில இலையைப் போட்டுக் கொதிதண்ணி ஊத்தினான். ஊத்தின வேகத்துல அத்தனையையும் என் கண்ணு முன்னால தட்டுல கொட்டினான்.

எனக்கு உச்சி காந்திருச்சு. "ஏந் தம்பி, எனக்குக் காச்சினதை என் முன்னாடியே கீழ கொட்டுவியா?"

"ஐயோ, அது இலையைக் கழுவற தண்ணிங்க மாமா. அடுத்ததுதான் குடிக்கறது."

"இரும்பையே உருக்கறவன்கிட்டக் கழுவற கதை சொல்றியா? கொண்டா இங்க!"

அடுத்து ஊத்தின கிண்ணத்தைப் பிடுங்கி ஒரே மடக்கு. கருகல்! வெல்லம் காய்ச்சற கொப்பரை அடிப்பிடிச்ச மாதிரி. பாலும் இல்லை, சக்கரையும் இல்லை. "இதையா காசு குடுத்துக் குடிக்கறானுக!"ன்னு கத்தினேன். கத்தி முடிக்கறதுக்குள்ள தொண்டையில ஒரு இனிப்பு ஏறுச்சு. அதுல கோவம் இன்னும் கூடிருச்சு. தப்புக் கண்டுபிடிக்கறதுக்காகவே இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடிச்சேன்.

பழனியாத்தாள் எந்திரிச்சா. "ஏனுங்கண்ணா, ரெண்டு கிண்ணம் குடிச்சாச்சு. கார்ல இருக்கற பழத்தட்டை எடுத்துட்டு வாரேன்."

ஊட்டுல இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. குடிச்சுப்போட்டு வேண்டாம்னு சொல்ற குடும்பமா நாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

திரும்பி வாரப்ப அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா. "கல்யாணத்துல தாய்மாமன் சீரோட முன்னால நீங்கதாங்கண்ணா வரணும்."

"வாரேன். மண்டபத்துல அந்தக் கருகல் தண்ணியை நீட்டினான்னா, சீர்த்தட்டோட திரும்பிருவேன். உன்ர மாப்பிள்ளைகிட்டச் சொல்லிவை."